உள்ளே இருப்பவர்

"ரொம்ப நனைஞ்சிட்டீங்களே" என்றான் அவள் கணவன், கதவைத் திறந்ததும்.

குடையை மடக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முழங்கையிலிருந்து மழைத்தண்ணீர் மிதியடியில் சொட்டியது. தனக்குப் பின்னால் யாரோ படியேறி வந்திருக்கிறார்கள், அவர்களிடம்தான் பேசுகிறான் என்று நினைத்துத் திரும்பினாள். படிக்கட்டில் ஆள் இல்லை. ஈரம் பூத்த சுவரும், மாடி விளக்கை மொய்க்கும் ஈசலும்தான் இருந்தன.

"யாரைடா சொல்றே?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே போய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். கொடியில் தொங்கும் பழைய துண்டு இல்லை. யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்த, கடை வாசனைகூடப் போகாத புதுத் துண்டு.

கூடப் படித்து, வாடா போடி என்று பழகி, அதே வாயோடு கல்யாணமும் செய்துகொண்டவர்கள் அவர்கள். அவள் பல் செட்டு செய்யும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டர் அச்சுகளாக அவள் மேசைக்கு வரும். அவற்றின் மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு, இழைத்து, மினுக்கிக் கொடுப்பாள். அதனால் அவன் அவளுக்கு வைத்த பெயர் பல்லி. கோபம் வந்தால் பல்லி. கொஞ்சல் வந்தால் பல்லிக்குட்டி. 'நீங்க' என்ற சொல் அவர்களுக்கு நடுவே சண்டையில்கூட வந்ததில்லை.

"ரொம்ப நடிக்காதே. டீ போடு" என்று தலையைத் துவட்டினாள்.

"உட்காருங்க. இதோ போடறேன்."

அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தாள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஒரு தொழிற்சாலைக்கு ஜப்பானிய இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. திருகாணியை இடப்பக்கம் திருப்பவும், ஓடும்போது கையை உள்ளே விடக்கூடாது என்று நாள் முழுக்க எழுதுவான். வயிற்றுக்கு அது, மனசுக்கு வேறொன்று வைத்திருந்தான். எப்போதோ இறந்துபோன ஒரு ஜப்பானிய எழுத்தாளரின் கதைகள். சின்ன ரயில் நிலையம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, தலை நரைக்கும் முன்பே மனநோய் விடுதியில் செத்துப்போன மனிதர். அவர் எழுதிய கதை எதை எடுத்தாலும் அதில் ஒருவருக்குப் புத்தி பேதலிக்கும்.

"இவர் கதையில பைத்தியம் பிடிச்சவன் எவனும் சட்டையைக் கிழிச்சுக்கிறதில்ல, பல்லி" என்று ஆரம்பத்தில் அவன் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறான். "கத்தறதில்ல. தானாச் சிரிக்கறதில்ல. திடீர்னு மரியாதையாப் பேச ஆரம்பிச்சுடறான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வரவே முடியாது."

"அப்ப நீ தப்பிச்சே. உன் வாய்ல மரியாதை வந்தாத்தானே" என்று அவள் அன்று சிரித்தாள்.

இப்போது அவன் டீயைக் கோப்பையும் தட்டுமாகக் கொண்டுவந்து வைத்தான். தட்டு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, தான் குடிக்காமல், அவள் குடிப்பதற்காகக் காத்திருந்தான்.

"சரி, இன்னைக்கு எந்தக் கதை?" என்றாள், விளையாட்டை முடித்து வைக்க நினைத்து.

"நீங்க கேக்கறதால சொல்றேன். ஒரு குமாஸ்தா சாயங்காலம் வீட்டுக்கு வர்றான். ஒரு பொம்பளை கதவைத் திறந்து அவன் கோட்டை வாங்கி மாட்டறா. அதே முகம், அதே குரல். ஆனா அவனுக்குப் புரிஞ்சுபோகுது, இவங்க விருந்தாளி. ஏதோ காரியமா வந்திருக்காங்க, என்ன காரியம்னு சொல்ல மாட்டேங்கறாங்க. வந்தவங்ககிட்ட நாம கேக்கறது மரியாதையில்லையே. அதனால அவன் காத்திருக்கான்."

"அப்ப அவன் பொண்டாட்டி எங்க போனா?"

அவன் புருவம் உயர்ந்தது. "எங்கயும் போகலையே. உள்ளதான் இருக்காங்க." பிறகு, தன் தொழில் சங்கடத்தைச் சொல்கிறவனாகக் குரல் தாழ்த்தினான். "அடுத்தவர் மனைவியைச் சொல்ல அவங்க மொழியில ஒரு சொல் உண்டு. பிரிச்சுப் பார்த்தா வீட்டோட உள்பக்கம்னு வரும். நம்ம மொழியில அதை எப்படிக் கொண்டு வர்றதுன்னு தெரியாம, 'உள்ளே இருப்பவர்'னு போட்டிருக்கேன்."

"கடைசியில என்ன ஆகுது?"

"வந்தவங்க கிளம்பணும், இல்லையா?" என்றான். அவன் பார்வை அவளைத் தாண்டி, படுக்கையறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குப் போய்த் திரும்பியது. "எல்லாரும் அதுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

மழை சன்னல் தகரத்தில் ஓயாமல் தட்டியது. அவள் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டு உடை மாற்ற எழுந்தாள்.

மறுநாளும் 'நீங்க'தான். அதற்கடுத்த நாளும். சாப்பாட்டு மேசையில் அவள் கை வைக்கும்வரை அவன் கை வைக்கவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிலின் ஓரத்தில், ஒருக்களித்து, இன்னும் ஓர் ஆள் நடுவே படுத்திருப்பதைப் போல இடம்விட்டுத் தூங்கினான். கொஞ்சினாள்; கிள்ளினாள்; அவன் முன்பெல்லாம் குலுங்கிச் சிரிக்கும் கெட்ட வார்த்தை ஒன்றைக் காதில் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரி அத்துமீறிவிட்டதைப் போல அவன் காது மடல் சிவந்தது. எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டான்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. கையேடுகளை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தான். காய்கறிக்காரரிடம் பேரம் பேசினான். கீழ்வீட்டுத் தையல்காரரைப் பார்த்தால் பழையபடி கேலி பேசினான். ஊருக்கெல்லாம் அவன் அவனாகத்தான் இருந்தான். அவளுக்கு மட்டும் வேறாக இருந்தான்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் பொறுமை அறுந்தது. முன்னறை சோபாவில் ஒரு தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்தான். "இங்க காத்து நல்லா வரும். உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "டேய், நான்டா. என்னைப் பாருடா. உன் பல்லிடா."

அவன் கையை விலக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவள் முஷ்டியில் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவன் தன்னைக் கண்டு பயப்படுகிறான் என்று.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ப்ளீஸ். உள்ள தூங்கறா."

"யாரு?"

"என் வொய்ஃப்."

தூங்கறா. அந்த ஒருமை அவள் காதில் ஊசியாக இறங்கியது. அவளுக்குரிய ஒருமை அது. சட்டையை விட்டுவிட்டுத் திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள். கட்டில், அலமாரி, அவனுடைய எழுத்து மேசை. யாருமில்லை. கட்டிலின் அவள் பக்கத்தில் மட்டும் போர்வை விலகிக் கிடந்தது. காலையில் அவசரத்தில் தானே அப்படி விட்டுப் போயிருப்போம் என்று நினைத்தாள். தலையணையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

மனநல மருத்துவரிடம் அவன் மறுப்பே சொல்லாமல் வந்தான். வண்டியில் அவளுக்குச் சன்னலோர இடத்தைக் கொடுத்தான். சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்த அந்த டாக்டரம்மா அவனிடம் நெடுநேரம் பேசினார். பிறகு அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இப்படி ஒண்ணு இருக்கும்மா. முகம் தெரியும், ஆனா ஆள் அது இல்லைன்னு தோணும். ரொம்ப நெருக்கமான ஒருத்தர்கிட்டத்தான் வரும். மாத்திரை தர்றேன். கொஞ்ச நாள் எடுக்கும்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"எதிர்த்துப் பேசாதீங்க. நான்தான் நான்தான்னு நிரூபிக்கப் போகாதீங்க. நீங்க அழுத்தினா அவர் இன்னும் உள்ள போயிடுவார். அவர் போக்குல விட்டுப் பிடிங்க." டாக்டர் தும்மினார். "உங்க வீடுதானே, எங்க போயிடப் போகுது?"

அன்றிரவே நாத்தனார் வந்து இறங்கினார். அவனுக்கு அக்கா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் கத்திக் கத்தி வளர்ந்த குரல் வீட்டிலும் இறங்காது. உறவில் எல்லோருக்கும் அவர் விசிலக்கா. வந்ததும் வராததுமாகத் தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். "என்னடா, கட்டினவளையே யாருன்னு கேக்கறியாமே. கொழுப்பா?" அவன் சிரித்தான். அக்காவைப் பழையபடி நீ, வா, போ என்றே பேசினான். அக்காவின் முகம் மெல்லச் சுருங்கியது.

அடுப்படியில் அவள் தோளைப் பிடித்து அக்கா சொன்னார்: "அழாதடி. டாக்டர் சொன்ன மாதிரியே செய்வோம். அவன் விருந்தாளிங்கறானா, சரி, விருந்தாளியாவே இரு. நான் கூட இருக்கேன்ல. புலி வேஷம் கட்டினா புலியாகவா ஆயிடப் போறோம்?"

அப்படித்தான் அவள் தன் வீட்டில் விருந்தாளியானாள். வேலை முடிந்து வந்தால் பையில் சாவி இருந்தும் மணியடித்தாள். யாராவது வந்து திறக்கும்வரை வாசலில் நின்றாள். செருப்பை உள் வரிசையில் விடாமல் ஓரமாக விட்டாள். தாகம் எடுத்தால் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவனை 'நீங்க' என்றாள். முதல் முறை சொன்னபோது நாக்கு தடுமாறியது. அவன் முகத்தில் நிம்மதி பரவியது. மாற்றுடை இரண்டைச் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பையில் வைத்துக்கொண்டாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். அவனுக்குப் படபடப்பு வராமல் இருந்தால் சரி. மாத்திரை வேலை செய்யும்வரைதான்.

லேபில் இருந்தபோது மட்டும் மூச்சு வந்தது. மெழுகு உருகும் வாசனையும், பல் செட்டின் ஈறுக்குக் கலக்கும் அக்ரிலிக் திரவத்தின் மூக்கைத் துளைக்கும் நெடியும், அரைக்கிற சக்கரத்தின் இரைச்சலும் அவளைத் தாங்கிப் பிடித்தன. நகக்கண்ணில் வெள்ளையாகப் பிளாஸ்டர் ஏறியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இது என் கை, இது என் வேலை என்று ஒரு தெம்பு. வேலை செய்யும்போது அவளுக்கு ஒரு பழக்கம். வாயைத் திறக்காமல், மூக்காலேயே ஒரு மெட்டை முனகுவாள். பாட்டும் இல்லை, தாலாட்டும் இல்லை. அவளாகப் போட்டுக்கொண்ட மெட்டு. படியேறும்போதும் அதை முனகுவாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது வராது.

ஒருநாள் படியேறும்போது கீழ்வீட்டுத் தையல்காரர் தையல் இயந்திரத்திலிருந்து தலையை நீட்டினார்.

"என்னம்மா, இப்பத்தான் வெளிய போனீங்களா? மத்தியானமெல்லாம் வீட்லதானே இருந்தீங்க?"

"இல்லையே. காலையில போனவ இப்பத்தான் வர்றேன்."

"அப்படியா? நீங்க முனகுவீங்களே ஒரு மெட்டு, அது கேட்டுச்சு. சார் சிரிக்கறதும் கேட்டுச்சு. பரவாயில்ல, சார் பழையபடி ஆயிட்டார்னு நினைச்சேன்."

அவர் ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிட்டார். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். அக்காவுக்குப் பாட்டும் வராது, முனகலும் வராது. அவர் மத்தியானங்களில் பள்ளிக்கூடத்தில் இருப்பார். ரேடியோவாக இருக்கும். வேறு வீடாக இருக்கும். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டே ஏறி, தன் வீட்டு வாசலில் நின்று மணியடித்தாள்.

அதற்குப் பிறகு காது சும்மா இருக்கவில்லை. சோபாவில் படுத்து, தெருவிளக்கின் மஞ்சள் கூரையில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அக்கா அடுப்படிக்கு அருகே பாய் விரித்துக் குறட்டை விட்டார். அதற்கு அப்பால், திரைக்கு அந்தப் பக்கம், அவன் மூச்சு. சீரான, ஆழ்ந்த மூச்சு. அவன் இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம், நடுவே இன்னொன்று. நடுவே வந்தது மெலிதாக, மூக்கடைப்போடு, சற்றே விசிலடித்தது. சின்ன வயதில் விழுந்து மூக்கு எலும்பு கோணியதால் அவளுக்கு அப்படித்தான் மூச்சு வரும் என்று அவன் கிண்டல் செய்வான். அவள் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

அந்த விசில் நிற்கவில்லை.

காலையில் அவன் குளிக்கப் போனதும் கட்டுப்பாட்டை மீறித் திரைக்குள் நுழைந்தாள். அறை துப்புரவாக இருந்தது. அவள் படுத்தே எத்தனையோ நாளாகியிருந்த தன் பக்கத் தலையணையில் முகத்தை வைத்தாள். அக்ரிலிக் நெடி. அதற்கடியில் ஈரப் பிளாஸ்டர். நேற்றைய வேலையின் வாசனை. தன் உள்ளங்கையை முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அலமாரியைத் திறந்தாள். அவளுடைய நீலச் சட்டை, துவைத்துப் போட்டிருந்தது, கழுத்துப் பட்டையில் ஈரம். அவள் அதைத் தொட்டு வெகு நாளாகிறது.

"அக்கா" என்று அடுப்படிக்கு ஓடினாள். "உள்ள யாரோ இருக்காங்க, அக்கா. என் சட்டையை யாரோ போட்டிருக்காங்க."

அக்கா ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவர் குரல் எப்போதும் போல இல்லை, தணிந்திருந்தது.

"நீங்க ஏன் அங்கெல்லாம் போறீங்க? முன்னாடி உட்காருங்க. டீ கொண்டு வர்றேன்."

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் காதில் எதுவும் விழாது.

"அவன்தான் இங்க இல்லையே, அக்கா. இப்ப எதுக்கு நடிக்கிறீங்க?"

அக்கா திரும்பினார். அந்தப் பார்வையை அவள் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில், அடையாளம் தெரியாத ஒருத்தி வந்து ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டால், டீச்சர்கள் பார்க்கும் பார்வை. ரொட்டி கருகிப் புகைந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. கரண்டியைத் தனக்கும் அவளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க யாருக்கும் கெடுதல் பண்ணதில்லம்மா" என்றார் அக்கா. "உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னா, முடிஞ்சதைச் செய்யறோம். அவளுக்கு உடம்பு சரியில்ல. இப்பத்தான் தேறி வர்றா."

அவள் பின்னுக்கு நகர்ந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினாள். அன்று லேபுக்குப் போகவில்லை. டாக்டரம்மாவின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள். உதவியாளர் நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டார். கணவன் பெயரைச் சொன்னாள். "அவர் சரிதாங்க. நீங்க அவருக்கு என்ன உறவு?" என்றார் உதவியாளர். எளிய கேள்வி. வாயைத் திறந்தாள். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அது பொய் என்பதைப் போல, இப்போது யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதைப் போல, முகம் சூடாகியது. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

தெருவில் நின்றபோதுதான் அந்தப் பயம் முழுசாக வந்தது. அவனுக்குப் பைத்தியம் என்றுதான் இதுவரை இருந்தது. அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'தெரிஞ்சவங்க' என்று சொன்ன வாய் யாருடையது?

அன்றைய நாளை லேபில் கூடப் பணியாற்றும் ஒருத்தியின் அறையில் கழித்தாள். அடுத்த நாளையும். வீட்டிலிருந்து ஒரு போன் வரவில்லை. எங்கே போனாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அங்கே யாரும் காணாமல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், அவள் முடிவெடுத்தாள். பட்டப்பகலில் போய், உள்ளே இருப்பது யார் என்று பார்த்துவிட வேண்டும். யாரும் இல்லையென்றால் அந்த வெற்றிடத்தை அவர்கள் இருவர் கண் முன்னாலும் காட்ட வேண்டும். மணியடிக்கக் கூடாது. சாவி போட்டுத் திறக்க வேண்டும். என் வீடு.

படியேறினாள். தையல்காரரின் இயந்திரம் மூடிக் கிடந்தது. மாடி நடையில் வெயில் சதுரமாக விழுந்து, அதில் தூசி மெல்லச் சுற்றியது. கதவுக்கு முன் நின்று பைக்குள் சாவியைத் துழாவினாள். சாவி கையில் அகப்பட்டது. எடுத்தாள். பூட்டின் அருகே கொண்டுபோனாள்.

அதற்குள் இன்னொரு கை மணியை அழுத்திவிட்டது. அது அவளுடைய இடது கைதான்.

கதவு திறந்தது. அவன் சவரம் செய்து, தலை வாரி, பளிச்சென்று இருந்தான். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவன் கண்ணில் பழைய குறும்பு.

"வாங்க, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றான். "இன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தா. நீங்க வந்து போறதெல்லாம் சொல்லியிருக்கேன். பார்க்கணும்னு சொன்னா."

"யாரு?" என்று அதட்டிக் கேட்க நினைத்தாள். "அப்படியா" என்றாள்.

"உட்காருங்க. கூட்டிட்டு வர்றேன்."

சோபாவின் தலையணையும் போர்வையும் அகற்றப்பட்டிருந்தன. அவளுடைய பையும் இல்லை. அவள் நுனியில் உட்கார்ந்தாள். அடுப்படியில் அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, ஒப்புக்குத் தலையை அசைத்துவிட்டுக் கழுவலுக்குத் திரும்பினார். அவன் திரைச்சீலையை ஒதுக்கி உள்ளே போனான். திரை அவனுக்குப் பின்னால் ஆடி, மெல்ல ஆடி, நின்றது.

உள்ளே பேச்சுக் குரல். அவனுடையது. கட்டில் கிரீச்சிட்டது.

"மெதுவா, பல்லிக்குட்டி. அவசரமில்ல. காத்திருப்பாங்க."

பிறகு சிரிப்பு. பெண்ணின் சிரிப்பு. முடியும்போது மூக்கில் லேசாகச் சீறும் சிரிப்பு. அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன. பற்கள் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. சிரித்தது அவள் இல்லை.

ஓடு என்றது உள்ளம். வாசல் கதவு திறந்தே இருந்தது. நடையின் வெயில் தெரிந்தது. எழுந்தால் போதும். கால்கள் கேட்கவில்லை. முழங்கால்கள் ஒட்டியிருந்தன. கைகள் மடியில் ஒன்றன் மேல் ஒன்று வைக்கப்பட்டிருந்தன. யார் அப்படி வைத்தது?

"வந்திருக்கறது யாருடா?" என்றது உள்ளிருந்து அவளுடைய குரல்.

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

காலடிகள். நாள்பட்டுப் படுத்திருந்தவர்களின் தயங்கிய காலடிகள். அவள் நடப்பதைப் போலவே வலது குதிகால் தரையில் சற்றே தேய்ந்தது. அக்ரிலிக் நெடி திரையைத் தாண்டி வந்தது. கண் எரிந்தது. அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

காலடி நின்றது. திரைக்கு அந்தப் பக்கம். மூச்சு. மெல்லிய விசில்.

திரையின் ஓரத்தை விரல்கள் பற்றின. ஒவ்வொன்றாக. நான்கு விரல்கள். நகக்கண்களில் வெள்ளைப் பிளாஸ்டர். அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். நகங்கள் சுத்தமாக இருந்தன. வேலையே செய்திராத கையைப் போல.

திரை விலக ஆரம்பித்தது.

கத்த வேண்டும். இப்போது. இப்போதே. மூச்சை இழுத்தாள்.

இழுத்த மூச்சோடு எழுந்தாள். உடையை நீவிவிட்டுக்கொண்டாள். வீட்டுக்காரி வெளியே வரும்போது உட்கார்ந்திருப்பது முறையில்லை. அடுத்தவர் வீடுகளில் எல்லோரும் வைத்துக்கொள்கிற அந்தச் சிரிப்பு, அவளைக் கேட்காமலேயே அவள் முகத்தில் ஏறி உட்கார்ந்தது. அது இறங்கவில்லை. அவள் அப்படியே நின்றாள், சிரித்தபடி. கண்கள் மட்டும் விரிந்துகொண்டே போயின, விலகும் திரையின் இருட்டில் முதலில் ஒரு நெற்றியும், பிறகு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகமும், அதே அளவு பயத்தோடு, அதே சிரிப்போடு, வெளிச்சத்துக்கு வந்தபோது.